நாலாம் நம்பர் குச்சி

அத்தியாயம் ஆறு

சனிக்கிழமை காலை மணி ஒன்பது பத்து. பதினோரு மணிக்கு ரமோனா ஸ்டக்கியின் சுடுதளச் சான்றிதழைப் பிடுங்கப் போகிறார்கள். அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டிய துப்பறியும் படையில் ஒருவர் வாயில் புல்லைக் கடித்துக்கொண்டு துப்பாக்கி ரேக்கை முறைத்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி, அதாவது நான், முதுகு சொறிய ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"பாஸ், அடுத்த தடவை ஏசி ஹோட்டல்ல நடந்த கொலையா பார்த்து எடுங்க. நேத்து சாயங்காலத்துலேர்ந்து பதினேழு உண்ணி பிடுங்கியாச்சு. பதினெட்டாவது எங்க இருக்குன்னு தெரியுது, கைதான் எட்டல."

"பிடிச்சதும் சொல்லு, ட்வைலா. ரிப்போர்ட்ல இதுவரைக்கும் எழுத வேற ஒண்ணுமில்ல."

ஆர்வில் ஹாஸ்கெட் அப்படித்தான். இருபத்தாறு வருடம் ஷெரீப் ஆபீசில் இருந்துவிட்டு இப்போது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக மூக்கை நுழைப்பவர். மூக்கு அவருடையது, கார் ஓட்டுவதும் குறிப்பெடுப்பதும் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் என்னுடையது. நாலு வருடமாக இந்த ஏற்பாடு சரியாகவே ஓடுகிறது. மிசௌரி மலைக்காட்டில் இருக்கும் இந்த டாலிவர் சாரணர் முகாமுக்கு வந்த பிறகுதான் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டது.

நடந்தது இவ்வளவுதான். இங்கே பையன்களுக்குப் பழங்காலத் துப்பாக்கி சுடச் சொல்லித் தருகிறார்கள். குழலின் வாய் வழியே வெடிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டை வைத்து, நீளமான மரக்குச்சியால் அடிவரை இடித்து இறக்கி, பின்பக்கம் அடித்தால் பொறி விடும் சின்னச் செப்புக் 'கேப்'பைச் செருகிச் சுடுகிற வகை. தினமும் காலையில் முதல் வேலையாக, காலித் துப்பாக்கியில் கேப்பை மட்டும் வைத்து, குழலை ஒரு புல்லுக்கு நேரே காட்டி விசையைத் தட்டுவார்கள். புல் ஆடினால் உள்ளே அடைப்பில்லை என்று அர்த்தம். நேற்று வெள்ளிக்கிழமை காலை ஓட்டிஸ் என்ற பதினாலு வயதுப் பையன் நாலாம் நம்பர் துப்பாக்கியில் அப்படித் தட்டினான். புல் ஆடவில்லை. புல்லே காணாமல் போனது. குண்டு கல்லில் மோதி, கல் சில்லு தெறித்து, பக்கத்தில் நின்ற அவன் குழுவின் சாரண ஆசிரியர் லேலண்ட் போமனின் முழங்காலுக்குக் கீழே ஆறு தையல்.

காலித் துப்பாக்கி வெடிக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் அதைக் காலி என்று பார்த்துப் பூட்டியவள், பையன்களுக்குச் சுடச் சொல்லித் தரும் ரமோனா. ஆகவே தப்பு ரமோனாவுடையது என்று போமன் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நேற்று முழுக்க நாங்கள் ஓடாத பக்கமில்லை. துப்பாக்கிக் கொட்டகைக்குச் சாவி இரண்டு. ஒன்று ரமோனாவின் கழுத்தில், இன்னொன்று முகாம் தலைவர் கட்லரின் இரும்புப் பெட்டியில். பூட்டு உடையவில்லை. மருந்து இருப்பு கணக்குப்படி சரியாக இருந்தது, குண்டும் சரியாக இருந்தது. யாரோ ராத்திரி புகுந்து மருந்தும் குண்டும் கெட்டித்தார்கள் என்ற என் அருமையான ஊகம் பத்து நிமிடம் கூட உயிரோடு இருக்கவில்லை. வெடித்த துப்பாக்கியையாவது பார்க்கலாம் என்றால், கட்லர் அதைத் துணியில் சுற்றி முத்திரை போட்டுத் தன் அறையில் வைத்துவிட்டார். விசாரணைக் கமிட்டி கூடும்வரை யாரும் தொடக் கூடாதாம். துப்பாக்கியைப் பார்க்காமல் துப்பாக்கிக் கேஸைத் துப்பறிய வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளின் தொப்பியைக் கடித்துத் துப்பியிருப்பேன்.

கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. ரமோனா. முப்பத்தாறு வயது. ஒன்பது மாதம் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள், கோடையில் எட்டு வாரம் இங்கே. இந்த எட்டு வாரத்துக்காகத்தான் அந்த ஒன்பது மாதத்தைப் பொறுத்துக்கொள்வதாக நேற்றே சொல்லியிருந்தாள்.

"ஏதாவது கிடைச்சுதா, சார்?"

"இன்னொரு தடவை சொல்லுங்க. வியாழக்கிழமை."

"நேத்திக்கே ஆறு தடவை சொல்லிட்டேன்."

"ஏழாவது தடவை நான் கவனமா கேக்கறேன்."

ரமோனா பெருமூச்சு விட்டாள். சுவரோரம் இருந்த வாளியிலிருந்து ஒரு குச்சியை உருவினாள். ஹிக்கரி மரம், ஏறக்குறைய என் தோள் உயரம், நுனியில் பித்தளை மூக்கு. மேல்பக்கத்தில் கத்தியால் சுற்றிக் கீறிய ஒரு கோடு.

"ஆறு துப்பாக்கி. ஆறும் ஆறு வீட்லேர்ந்து தானமா வந்தது, ஒண்ணோட குழல் நீளம் இன்னொண்ணுக்கு இல்ல. அதனால ஆறு குச்சி, ஒவ்வொண்ணுக்கும் நம்பர். காலிக் குழல்ல குச்சிய விட்டா இந்தக் கோடு சரியா குழல் வாயோட நிக்கும். உள்ள மருந்தும் குண்டும் இருந்தா குச்சி அடிவரைக்கும் போகாது. கோடு ஒரு கட்டைவிரல் அகலம் மேல தூக்கி நிக்கும். குருடன் தடவினாலும் தெரியும்."

"அன்னிக்கு?"

"அஞ்சு மணி. மழை வரப் போகுதுன்னு அவசரமா ஒரே ஒரு ரவுண்டு. ஆறு பசங்களும் கெட்டிச்சாங்க, நான் 'சுடு'ன்னேன், எல்லாம் ஒண்ணா வெடிச்சுது, ஒரே புகை. அதுக்குள்ள வானம் கிழிஞ்சு கொட்டிடுச்சு. எல்லாரையும் உள்ள விரட்டிட்டு ஆறு குழல்லயும் குச்சி விட்டுப் பார்த்தேன். ஆறு கோடும் வாயோட நின்னுச்சு. என் அம்மா மேல சத்தியம்."

"குச்சிய உள்ள போட்டா சத்தம் வேற மாதிரி கேக்கும்னு நேத்து சொன்னீங்களே?"

"காலியா இருந்தா 'டிங்'னு இரும்பு சத்தம். குண்டு இருந்தா 'தொப்'பு. எப்பவும் காதும் வைப்பேன். அன்னிக்குத் தகரக் கூரைல மழை. இடி விழுந்தாக்கூட கேட்டிருக்காது. கண்ண மட்டும்தான் நம்பினேன். அதையும் கமிட்டிகிட்ட மறைக்காம எழுதிக் குடுத்துட்டேன்."

"அதை ஏன் எழுதினீங்க?" என்றேன் நான், வாய் சும்மா இருக்காமல்.

"நடந்துச்சே, அதனால" என்றாள் அவள் எரிச்சலாக. இவளை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. 'நேராக உள்ளே, நேராக வெளியே' என்று கொட்டை எழுத்தில் மேலே. 'கோணலாக இழுத்துக் குச்சியை ஒடித்த மகான்கள்' என்று அதற்குக் கீழே. பதினோரு பெயர்கள். பையன்கள் தினமும் அதை உரக்கப் படித்துச் சிரிப்பார்களாம்.

"நாலாம் நம்பர் துப்பாக்கிய வியாழக்கிழமை சுட்டது யாரு?" என்றார் பாஸ்.

"அதே ஓட்டிஸ்தான். பாவம், அவன் ராசி அப்படி."

"அவன்கிட்ட நேத்து கேட்டோமே பாஸ்" என்றேன். "சுட்டேன், படலன்னான்."

"அவன் சொன்னது அவ்வளவுதான். நாம கேட்டதும் அவ்வளவுதான். வா."

* * *

பையன்கள் ஊர் திரும்பும் பஸ் பன்னிரண்டு மணிக்கு. ஓட்டிஸின் குழு கூடாரங்களைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தது. நடுவில் மடக்கு நாற்காலியில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு லேலண்ட் போமன். காலில் பெரிய கட்டு. இடது உள்ளங்கையில் சின்னக் கட்டு. அந்தக் கையாலேயே பையன்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"டேய், அந்த முளைய பிடுங்கறதுக்கு முன்னாடி கயித்த அவுறுடா! மிஸ்டர் ஹாஸ்கெட், இன்னுமா துப்பறியறீங்க? நான்தான் எழுதிக் குடுத்துட்டேனே. இருபது வருஷமா இந்தத் துப்பாக்கியோட வாழறவன் நான். உள்நாட்டுப் போர்ல எல்லாச் சண்டையும் போட்டிருக்கேன்."

அந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்து இரு படைகளின் நீலச் சட்டை, சாம்பல் சட்டை மாட்டிக்கொண்டு வார விடுமுறையில் அதை மறுபடி நடத்திக் காட்டுகிற கூட்டத்தில் அவர் ஒரு சார்ஜன்ட்.

"இருபது வருஷ யுத்தத்துல உங்க பக்கம் எத்தனை பேர் போனாங்க?" என்றேன்.

"ஒருத்தன் கூட இல்ல. அவ்வளவு கட்டுப்பாடு."

"எதிர்ப் பக்கம்?"

"அவங்களுக்கும் ஒண்ணும் ஆகல."

"நல்ல யுத்தம்" என்றேன். "கைல என்ன கட்டு?"

"நேத்து கல் பட்டு விழுந்தப்போ ஊணினேன். சிராய்ப்பு."

பாஸ் அதற்குள் ஓட்டிஸின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவனோடு சேர்ந்து கூடாரத் துணியை மடிக்க ஆரம்பித்திருந்தார். குச்சி குச்சியான கையும் காலும் உள்ள பையன். நெற்றியில் முகப்பரு. நேற்றிலிருந்து யாரும் தன்னைத் திட்டவில்லை என்பதே அவனுக்குப் பயமாக இருப்பது முகத்தில் தெரிந்தது.

"இந்த வாரம் மொத்தம் எத்தனை தடவை சுட்ட?"

"திங்கள், செவ்வாய், வியாழன், சார். வியாழன் ஒரே ஒரு தடவை."

"பிடிச்சுதா?"

"மொதல்ல பிடிக்கல. தோள்ல உதைக்கும் சார், கழுத மாதிரி. இங்க பாருங்க." சட்டையை இழுத்துக் காட்டினான். தோளில் நீலம் பாய்ந்து பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "ரமோனா மிஸ் சொல்லிட்டே இருப்பாங்க, 'தோள்ல அழுத்திப் பிடி, லூசா பிடிச்சா உதைக்கும்'னு. வியாழக்கிழமைதான் மொத தடவையா கரெக்டா பிடிச்சேன்."

"எப்படித் தெரியும்?"

"உதைக்கவே இல்ல சார்!" பையனின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "கொஞ்சம் கூட இல்ல. வீட்டுக்கு எழுதின கார்டுல கூட எழுதியிருக்கேன்."

பாஸ் துணியை மடிப்பதை நிறுத்தினார். நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"இலக்குத் தாள்ல உன்னோட ஓட்டை?"

"இல்ல சார். ஆனா எனக்கு எப்பவும் படாது."

பாஸ் அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். கேட்காத தூரம் வந்ததும் நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பாஸ், உதைக்காத துப்பாக்கி..."

"வெடிக்காத துப்பாக்கி. கேப்பு மட்டும் வெடிச்சிருக்கு. உள்ள மருந்து நமுத்திருக்கும், இல்ல கேப்புப் பொறி போற வழி அடைச்சிருக்கும். பக்கத்துல அஞ்சு துப்பாக்கி ஒண்ணா வெடிச்ச சத்தத்துலயும் புகையிலயும் அவனுக்கும் தெரியல, ரமோனாவுக்கும் தெரியல. ராத்திரி யாரும் புகுந்து கெட்டிக்கல. வியாழக்கிழமை அவன் இறக்கின குண்டுதான் வெள்ளிக்கிழமை காலைல ரெண்டாவது கேப்புக்குப் பத்திக்கிட்டுக் கிளம்பி வந்திருக்கு."

எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை.

"அப்படின்னா ரமோனா பூட்டினப்போ அது காலியா இல்ல."

"இல்ல."

"இது போமன் எழுதினதுதானே, பாஸ்! நாம கஷ்டப்பட்டு ஓடி ஆடி, அந்தாளு புகாருக்குச் சாட்சி பிடிச்சுக் குடுத்திருக்கோம்!"

பாஸ் வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டு இன்னொன்றைப் பிடுங்கினார். எனக்கு அந்தப் புல் மேல் கூடக் கோபம் வந்தது.

* * *

மணி பத்து. கொட்டகையில் ரமோனாவிடம் சொன்னோம். பலகைக்குக் கீழே இருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான்தானா?" என்றாள். "ஆனா கோடு நின்னுச்சே. நான் பார்த்தேனே. எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா? அந்தப் பையன் குனிஞ்சு புல்லப் பார்த்துட்டிருந்தான் சார். குழல் வாய்க்கும் அவன் பாதத்துக்கும் ஒரு முழம்தான். கல்லுக்குப் பதிலா..." முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "சான்றிதழ அவங்க பிடுங்க வேண்டாம். நானே குடுத்துடறேன்."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாதபோது உடம்பு அரிக்கும். இப்போது பதினெட்டாம் உண்ணி வேறு துணைக்கு இருந்தது. வாளியிலிருந்து கைக்கு வந்த ஒரு குச்சியை உருவி, தலைகீழாகப் பிடித்து, முதுகில் விட்டு அரக்கினேன். சொர்க்கம்.

"அது என்ன முதுகு சொறியற சாமானா?" என்றாள் ரமோனா அழுகைக்கு நடுவே.

"ட்வைலா, திரும்பு" என்றார் பாஸ்.

"ஏன் பாஸ்?"

"திரும்பு. உன் வெள்ளைச் சட்டை போச்சு."

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். தோளிலிருந்து கீழே கரிக் கோடுகள். சனியன். குச்சியைப் பார்த்தேன். மருந்துக் கரி படிந்து பாதிக்கு மேல் கன்னங்கரேல் என்றிருந்தது.

பாஸ் அதை என் கையிலிருந்து பிடுங்கினார். பிறகு வாளியிலிருந்த மற்ற ஐந்தையும் எடுத்துப் பெஞ்சில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"கரி எது வரைக்கும் ஏறியிருக்கு? ஒவ்வொண்ணா சொல்லு."

"ஒண்ணு... கோடு வரைக்கும். ரெண்டு, கோடு வரைக்கும். மூணும் அப்படித்தான். கோட்டுக்கு மேல மரம் வெள்ளையா இருக்கு. அது நியாயம்தானே? கோடு வரைக்கும்தான குழலுக்குள்ள போகும்."

"அஞ்சு, ஆறு?"

"அதேதான்."

"உன் முதுக சொறிஞ்சது?"

குச்சியின் தலையில் நம்பர் 4 என்று சூடு போட்டிருந்தது. அதில் கரி கோட்டோடு நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சரியாக அந்த அகலம்.

ரமோனா எழுந்து வந்துவிட்டாள். "அது எப்படி? கோடு வாயோட நின்னா குச்சி அடில முட்டிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல எப்படி உள்ள போகும்?"

"அடிப்பக்கம் குறைஞ்சிருந்தா போகும்" என்றார் பாஸ். "இந்தக் குச்சி ஒரு கட்டைவிரல் குட்டை. காலிக் குழல்ல விட்டுத் துடைச்சா கோடு உள்ள முழுகிடும், கரியும் கோட்டத் தாண்டி ஏறும். மருந்தும் குண்டும் இருக்கற குழல்ல விட்டா, அந்த ஒரு விரல் உசரத்துல முட்டி, கோடு அழகா வாயோட நிக்கும். உங்க கண்ணு கெடல ரமோனா. குச்சி பொய் சொல்லியிருக்கு."

நுனியைத் திருப்பிக் காட்டினார். மற்ற ஐந்திலும் பித்தளை மூக்கைப் பித்தளை ஆணி பிடித்திருந்தது. இதில் சாதாரண இரும்பாணி. மூக்குக்கு மேலே மரத்தைக் கத்தியால் சீவி ஒல்லியாக்கிய தடம்.

"யாரோ மூக்க ஒடிச்சிருக்காங்க" என்றாள் ரமோனா மெதுவாக. "கோணலா இழுத்தா அங்கதான் ஒடியும். ஒடிஞ்ச பிசிற வெட்டிட்டு மூக்க மறுபடி மாட்டியிருக்காங்க. எங்கிட்ட சொல்லாம."

"செவ்வாய்க்கிழமை சரியா இருந்துச்சா?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கண்ணும் காதும் வெச்சுப் பார்த்தேன். 'டிங்'னு கேட்டுச்சு, கோடும் சரியா இருந்துச்சு."

"புதன்கிழமை இங்க யாரு சுட்டாங்க?"

"பசங்க யாரும் இல்ல. புதன் சாயங்காலம் சாரண ஆசிரியர்களுக்கு. வாரா வாரம் வழக்கம். அவங்கவங்க சுட்டத அவங்கவங்களே துடைச்சு வைக்கணும்..." நிறுத்தினாள். "நாலாம் நம்பர்ல சுட்டவர்தான் கடைசி ஆளு. 'நீங்க போய்ச் சாப்பிடுங்க, நான் இருபது வருஷ அனுபவஸ்தன், துடைச்சுப் பூட்டிச் சாவியக் கொண்டு வர்றேன்'னார். அன்னிக்கு இறைச்சி பன்னு. சூடா கிடைக்கும்னு நானும் போயிட்டேன்."

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

"பாஸ், ஆதாரம்? குச்சிய யார் வேணா சீவியிருக்கலாம்பாரு."

"மருத்துவ அறை எங்க?"

* * *

நர்ஸ் ஐவி மருந்துகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முகாமில் கொசுக்கடிக்குக் கூட அவளுடைய நோட்டில் ஒரு வரி உண்டு.

"போமனா? நேத்துக் காலைல கால்ல ஆறு தையல். இதோ."

"கைல?"

"கைய நான் தொடல. அது எனக்கு முன்னாடியே கட்டின கட்டு. அழுக்கேறிப் போயிருந்துச்சு. பிரிச்சுப் பார்க்கறேன்னேன், 'வேண்டாம் வேண்டாம்'னு கைய முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டார் மனுஷன், ஊசிக்குப் பயந்த குழந்தை மாதிரி."

"கத்தி வெட்டா இருந்தா உங்ககிட்ட வந்திருக்கணுமா?"

"கட்டாயம். நான் எழுதணும், வெட்டிக்கிட்டவனோட கத்திச் சீட்டுல, அதாவது கத்தி வெச்சுக்கற அனுமதிச் சீட்டுல, சாரண ஆசிரியர் ஒரு மூலைய வெட்டணும். நாலு மூலையும் போனா கத்திய பறிச்சுடுவாங்க. அந்த ஓட்டிஸுக்குச் செவ்வாய்க்கிழமை போமனே ரெண்டாவது மூலைய வெட்டினார். எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு."

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "பாஸ், எனக்கு அந்தாள அடிக்கணும்."

"பத்து நாப்பத்தஞ்சு. கால நீட்டி நட" என்றார் அவர்.

* * *

சாப்பாட்டுக் கூடம். நீள மேஜைக்குப் பின்னால் கட்லரும் தலைமையகத்திலிருந்து வந்த இரண்டு பேரும். மேஜை மேல் துணி சுற்றிய துப்பாக்கி. ஒரு பக்கம் ரமோனா, எதிர்ப்பக்கம் போமன். ஜன்னலுக்கு வெளியே போமனின் பையன்கள் மூட்டையோடு காத்திருந்தார்கள்.

போமன் பேசினார். நன்றாகவே பேசினார். இருபது வருடம், கட்டுப்பாடு, பாதுகாப்பு, குழந்தைகளின் உயிர். கட்லர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஒரே ஒரு கேள்வி" என்று எழுந்தார் பாஸ். "மிஸ்டர் போமன், இருபது வருஷத்துல எத்தனை குண்டு இறக்கியிருப்பீங்க?"

"ஆயிரக்கணக்குல சுட்டிருக்கேன்."

"சுட்டதக் கேக்கல. குண்டு. ஈயக் குண்டு, குச்சியால இடிச்சு."

போமன் நாற்காலியில் நெளிந்தார்.

"வேஷப் போர்ல குண்டு போடறதில்ல" என்றார் பாஸ் கமிட்டியைப் பார்த்து. "மருந்து மட்டும். சத்தமும் புகையும். குச்சிய மைதானத்துல வெளிய எடுக்கவே கூடாது, ஏன்னா அவசரத்துல குழல்லயே மறந்துட்டா எதிர்ல நிக்கறவன் நெஞ்சுல போய்க் குத்தும். அதனாலதான் இருபது வருஷ யுத்தத்துல ரெண்டு பக்கமும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அதாவது இவர் வாழ்க்கைல முதல் தடவையா குச்சிய உள்ள விட்டு எடுத்தது, இந்தப் புதன்கிழமை சாயங்காலம்."

கட்லரின் தலையாட்டல் நின்றது.

"இந்தத் துப்பாக்கி இப்ப காலிதானே?"

"வெடிச்சு முடிஞ்சுது. காலிதான்" என்றார் கட்லர்.

பாஸ் முத்திரையைப் பிரிக்கச் சொன்னார். ரமோனா எழுந்து வந்து, குழலைக் கூரைப் பக்கம் நிமிர்த்திப் பிடித்தாள். நாலாம் நம்பர் குச்சியை உள்ளே விட்டாள். 'டிங்' என்று இரும்புச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"கோடு வாயோட நிக்கணும்" என்றாள். "எங்க கோடு?"

கோடு இல்லை. குழலுக்குள் ஒரு கட்டைவிரல் ஆழத்தில் முழுகிக் கிடந்தது. கமிட்டி ஆட்கள் மூன்று பேரும் எழுந்து வந்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

பாஸ் கரியைக் காட்டினார். இரும்பாணியைக் காட்டினார். ஓட்டிஸின் தோளைப் பற்றிச் சொன்னார். கடைசியாகப் போமனின் இடது கையைப் பார்த்தார்.

நான் போமன் கத்துவார், மறுப்பார், வக்கீலைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் சாம்பலாகிப் போயிருந்தது.

"அந்தக் கோடு..." என்றார். "அது அளவா? நான் சும்மா அழகுக்குப் போட்ட கோடுன்னு நெனச்சேன். குச்சிதானே, ஒரு இஞ்சு குறைஞ்சா என்னன்னு..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் ரமோனாவை மாட்டிவிடவில்லை. தன் காலைத் தானே சுட்டுக்கொண்டது தெரியாமலே இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதியிருக்கிறார். அடிபட்டவரும் அடித்தவரும் ஒரே ஆள். மூன்று நாளாக அவருக்குத் தெரிந்தது குச்சியை ஒடித்தது மட்டும்தான்.

"ஏன் சொல்லல?" ரமோனாவின் குரல் உடைந்தது. "நான் ஒடிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை! வேற குச்சி மாட்டியிருப்பேன். அஞ்சு நிமிஷ வேலை. அந்தப் பையனோட பாதம் போயிருக்கும் லேலண்ட்! உங்க குழுப் பையன்!"

போமன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "தினம் காலைல என் பசங்க உங்க பலகையப் படிச்சுட்டுச் சிரிப்பாங்க. நானும் சேர்ந்து சிரிப்பேன். அதுல என் பேரா?"

ரமோனா குச்சியை மேஜை மேல் வைத்தாள். அவளுடைய கோபம் போய்விடவில்லை, ஆனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது.

கட்லர் தொண்டையைக் கனைத்தார். புகாரை நாலாக மடித்துப் போமனிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு நேற்று ரமோனாவிடமிருந்து வாங்கி வைத்திருந்த கொட்டகைச் சாவியைப் பையிலிருந்து எடுத்து, மேஜை மேல் ரமோனாவின் பக்கம் தள்ளினார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த ஆளின் வாயில் வரவில்லை. வந்திருந்தால் நான் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன்.

* * *

மணி பதினொன்றரை. காரில் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தேன். போமன் நொண்டிக்கொண்டே வந்து பஸ் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்தார். கத்திச் சீட்டு. கத்திரிக்கோலோடு சேர்த்து ஓட்டிஸிடம் நீட்டினார்.

"கத்தில கைய வெட்டிக்கிட்டேன். நர்ஸ்கிட்ட சொல்லல. குச்சிய ஒடிச்சேன், மிஸ்கிட்ட சொல்லல. எத்தனை மூலைன்னு நீயே பார்த்து வெட்டு."

எல்லாப் பையன்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஓட்டிஸ் நிறைய யோசித்தான். ரொம்பக் கவனமாக இரண்டு மூலைகளை வெட்டினான்.

"இப்ப நாம ரெண்டு பேரும் சமம் சார்" என்றான்.

பிறகு அவன் முகம் சுருங்கியது. கொட்டகைப் பக்கம் ஓடினான். அங்கே ரமோனா பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் பதினோரு பெயர்களையும் அழித்துக்கொண்டிருந்தாள். 'நேராக உள்ளே, நேராக வெளியே' மட்டும் பாக்கி. அதற்குக் கீழே 'ஒடிந்தால் உடனே கொண்டு வா' என்று எழுதியிருந்தாள். மறந்து விட்டுவந்த தொப்பியை எடுக்கப் போன நான் அவர்கள் பேச்சைக் கேட்டேன்.

"மிஸ், வியாழக்கிழமை அது வெடிக்கவே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஆமா ஓட்டிஸ்."

"அப்ப நான் கரெக்டா பிடிக்கலயா? நான் வீட்டுக்கு எழுதிட்டேன் மிஸ்."

ரமோனா அவனைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கழுத்தில் மறுபடி தொங்கிய சாவியைக் கையில் எடுத்தாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கு. காதுக்கும் கண்ணுக்கும் கவசம் மாட்டிக்கிட்டு வா."

நான் காரைக் கிளப்பினேன். பாஸ் ஜன்னலை இறக்கிவிட்டு, எதையோ எதிர்பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். வாசல் கேட் பக்கம் வந்ததும் என் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். கொசு மொய்த்தது. முதுகு அரித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

மரங்களுக்குப் பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு மெல்லிய இரும்புச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு 'தொப்'. அப்புறம் ஒரு பெரிய வெடி. அதன் பின்னாலேயே ஓட்டிஸின் அலறல், காடு முழுக்கக் கேட்டது.

"ஐயோ! மறுபடியும் உதைச்சிடுச்சு மிஸ்!"

"நல்லது!" என்று ரமோனா கத்தினாள்.